23 வயதுப் பேரன், 9 அரியர், கடன்: வீட்டை அவன் பெயருக்கு எழுதினால் பொறுப்பு வருமா?

மன்னை அம்மாச்சி (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 67 வயது, ஊர் மன்னார்குடி. நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரருக்கு 73, கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்தவர். எங்களோடு மகள் வயிற்றுப் பேரன் இருக்கிறான். அவனைப் பற்றிக் கேட்கத்தான் வந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையன் எட்டாம் வகுப்பு படிக்கும்போது மகளுக்கும் மருமகனுக்கும் விவாகரத்து ஆகிவிட்டது. மருமகன் வேறு கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளையை வந்து பார்ப்பதில்லை. மகள் மஸ்கட்டில் நர்ஸ். பணம் அனுப்புவாள், லீவு கிடைத்தால் வருவாள். வளர்த்தது நாங்கள்தான்.

பையன் கெட்டவன் இல்லை. எந்தப் பாட்டியும் இப்படித்தான் சொல்வாள் என்பதும் எனக்குத் தெரியும். பிளஸ் டூவில் நல்ல மார்க். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்த்தோம். ஒவ்வொரு செமஸ்டரும் "பாஸ் அம்மாச்சி" என்றுதான் சொன்னான். 2024 மே மாதம் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய பிறகுதான் 9 அரியர் இருப்பது தெரிந்தது.

அன்றிலிருந்து அந்த அறைதான். பகல் இரண்டு மணிக்கு எழுந்திருப்பான். தட்டை உள்ளே எடுத்துப்போய்ச் சாப்பிடுவான். ராத்திரி பூராவும் கதவிடுக்கில் போன் வெளிச்சம். பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள், எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் தயங்கித் தயங்கித் தன் போனைக் காட்டினார். பேரன் படத்தைப் போட்டு "திருடன்" என்று எழுதி யாரோ அனுப்பியிருந்தார்கள். அதே படம் என்னோடு வேலை பார்த்த டீச்சருக்கு, மஸ்கட்டில் மகளுடைய வார்டு இன்சார்ஜுக்கு, எல்லோருக்கும் போயிருக்கிறது. ஆன்லைன் ரம்மி. அதற்காக ஐந்து கடன் ஆப்பில் வாங்கியது வட்டியோடு ஒரு லட்சத்து அறுபதாயிரம். வீட்டுக்காரர் என் இரட்டைவடச் சங்கிலியை அடகு வைத்து அடைத்தார். "இதோடு சரியா?" என்று கேட்டோம். "சரி" என்றான். ஆடி மாதம் இன்னொரு நாற்பதாயிரம் வெளியே வந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டு, காசு கட்டி ஆடும் ஆட்டத்தையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். ஆட்டம் நின்றது, கடன்காரன் போன் நிற்கவில்லை.

போன வாரம் வீட்டுக்காரர் பொறுக்கமுடியாமல் கத்திவிட்டார். அவன் திருப்பிப் பேசவில்லை. "நான் இல்லாமப் போனா உங்க ரெண்டு பேருக்கும் செலவு மிச்சம் தாத்தா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

இப்போது ஆளுக்கொரு யோசனை. வீட்டுக்காரர் சொல்வது: வீட்டை அவன் பெயருக்கு எழுதி வைப்போம், தபால் ஆபீஸ் முதியோர் டெபாசிட்டில் நாலு லட்சம் எடுத்துப் பந்தலடிப் பக்கம் ஒரு செல்போன் கடை வைத்துக் கொடுப்போம், பொறுப்பு தானாக வரும். என் தம்பி: ஒரு கால்கட்டுப் போட்டால் திருந்துவான். (எந்த வீட்டுப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று நான் கேட்டேன், கோபித்துக்கொண்டு போய்விட்டான்.) மகள்: வீட்டை விட்டு அனுப்புங்கள், பட்டால்தான் தெரியும்.

எங்களுக்குப் பிறகு அவன் யாரையும் எதிர்பார்க்காமல் சாப்பிடவேண்டும். கேட்பது அவ்வளவுதான். இப்படி ஒரு பிள்ளையைக் கரையேற்றியவர்கள் இருந்தால் உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம். காலம் பூராவும் வகுப்பில் அதைச் சொன்னவள் நான். எவ்வளவு வேலை செய்யும் என்று தெரியும்.

ராஜா78:

ரெண்டு நாள் சோறு போடாதீங்க, மூணாம் நாள் தானா வேலைக்குப் போவான். செல்லம் கொடுத்துக் கெடுத்தது நீங்கதான்.

வார்டு_பணியாளர்:

அம்மா, நான் ஒரு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். வீடு, கடை, கல்யாணம் எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையை முதலில் கவனியுங்கள்.

உங்களுக்கு வயல் உண்டா தெரியவில்லை. இருந்தால், கொல்லையிலோ பரணிலோ மீதி வைத்திருக்கும் பூச்சிமருந்தை இன்றைக்கே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். எலி பேஸ்ட் இருந்தால் அதையும். தாத்தாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் உங்கள் பீரோவுக்குள் போகட்டும், சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். சாகத் தோன்றும் அந்த வேகம் பல பேருக்குக் கொஞ்ச நேரம்தான் உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாததால் பிழைத்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, அவனிடம் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாடா?" இப்படிக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்பதே பாதி பாரத்தை இறக்கும். தோன்றுகிறது என்று சொன்னால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. 14416 என்ற எண்ணை எழுதி ஒட்டி வையுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கியது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. அவன் பேசமாட்டான் என்றால் நீங்களே கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம்.

இரவு பகல் மாறிப் போனது, தனியாகவே இருப்பது, சூதாட்டம் எல்லாம் சேர்ந்திருப்பதால் கட்டாயம் ஒரு மனநல மருத்துவர் பார்க்கவேண்டும். இது சோம்பலா, மனச்சோர்வா என்று இங்கே எழுதியதை வைத்து நான் சொல்லக்கூடாது. திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அதற்கு முன்னால் மன்னார்குடி அரசு மருத்துவமனையிலேயே மனநல மருத்துவர் எந்தக் கிழமை பார்க்கிறார் என்று கேட்டுப்பாருங்கள்.

இன்னொன்று. வேன் அனுப்பித் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சில "மறுவாழ்வு மையங்கள்" சொல்லும். அந்தப் பக்கமே போகாதீர்கள். அவன் வயது வந்தவன். 2017 மனநலச் சட்டப்படி அவன் சம்மதம் முக்கியம். சம்மதம் இல்லாமல் சேர்ப்பதற்கென்று தனி நடைமுறை இருக்கிறது, அதை மருத்துவர்தான் முடிவு செய்வார். உரிமம் இல்லாத இடத்தில் அடைத்துவிட்டு வந்தால், வெளியே வந்த பிறகு அவன் உங்களை நம்பமாட்டான்.

ராஜா அவர்களுக்கு: உயிரோடு இருக்கவேண்டுமா என்று யோசிக்கும் பிள்ளைக்குச் சோற்றை நிறுத்தினால், நான் வேண்டாதவன்தான் என்று அவன் முடிவு கட்டிவிடுவான். இந்த விஷயத்தில் விளையாட வேண்டாம்.

மன்னை அம்மாச்சி:

தம்பி, நன்றி. மூன்று மா நிலம் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். பழைய மருந்து டப்பா ஒன்று பத்தாயத்துக்குப் பின்னால் கிடந்தது, எனக்கே மறந்துபோயிருந்தது. குத்தகைக்காரரைக் கூப்பிட்டு எடுத்துப்போகச் சொல்லிவிட்டேன்.

நேராகக் கேட்டேன். நீங்கள் எழுதிக் கொடுத்த அதே வார்த்தைதான். முதலில் "அதெல்லாம் இல்ல அம்மாச்சி, சும்மா சொன்னேன்" என்றான். நான் எழுந்து போகாமல் உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் கழித்து, "சில ராத்திரி தோணும்" என்றான். டாக்டரிடம் வருகிறேன் என்றும் சொல்லிவிட்டான், ஆனால் தாத்தா வரக்கூடாதாம். வியாழக்கிழமை போகிறோம். வீட்டுக்காரருக்கு மனத்தாங்கல்தான், இருந்தாலும் சரி என்று விட்டுக்கொடுத்தார்.

திருப்பூர் அப்புச்சி:

டீச்சரம்மாவுக்கு வணக்கமுங்க. முதலில் ஆஸ்பத்திரி. அதற்குமேல் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் மகள் வயிற்றுப் பேரன்தான். அப்பனோடு ஒத்துப்போகாமல் 21 வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தான். ரம்மி இல்லை, டாஸ்மாக்.

நாங்கள் பேரனோடு ஒப்பந்தம் போடவில்லைங்க. முதலில் எனக்கும் அவன் அம்மிச்சிக்கும்தான் ஒப்பந்தம். நான் இல்லை என்பேன். அவள் சுருக்குப்பையில் இருந்து நூறு ரூபாய் எடுத்துக் கொடுப்பாள். அவள் திட்டுவாள், நான் பின்னாடியே போய்ப் பரோட்டா வாங்கித் தருவேன். இப்படி இருந்தால் எந்தப் பிள்ளையும் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து புறப்பட்டுவிடுவான். ஒருநாள் அவனை வெளியே அனுப்பிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். சோறு உண்டு, பாய் உண்டு, துணி மணி உண்டு, காசு கிடையாது. யார் கேட்டாலும், எதற்குக் கேட்டாலும். பஸ்ஸுக்குக் கூட நான் கூடவே போய் டிக்கெட் எடுத்தேன். அம்மிச்சிக்கு இது பெரிய கஷ்டம், அழுதாள். ஆனால் மீறவில்லை.

வேலை விஷயத்தில் ஒன்று சொல்லணும். சொந்தக்காரன் கம்பெனியில் விடாதீங்க. அங்கே ஒரு நாள் லீவு போட்டால் அது வேலைத் தகராறாக நிற்காது, குடும்பத் தகராறாகி நம் வாசலுக்கு வரும். எங்கள் பேரன் முன்பின் தெரியாத பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்கு, அதாவது தையல்காரருக்குக் கூட இருந்து உதவும் வேலைக்குச் சேர்ந்தான். திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பளம். முதல் வாரச் சம்பளத்தை அப்படியே குடித்துவிட்டு வந்தான். நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை எழுப்பவும் இல்லை. அந்த வேலை போயிற்று. போகட்டும், அது அவன் வேலை. வேறு கம்பெனி அவனே தேடினான். அங்கேயும் நிலைக்கவில்லை. அதற்கடுத்த இடத்தில்தான் ஒட்டினான்.

ஒட்டின பிறகு மாதம் இரண்டாயிரம் சாப்பாட்டுக்குக் கொடு என்றோம். அதை அவன் பேரிலேயே போட்டு வைத்துத் திருப்பிக் கொடுத்திருப்பீர்களே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லைங்க. சிலிண்டர் வாங்கினோம், கரண்ட் பில் கட்டினோம். வீட்டில் அவன் காசும் செலவாகுது என்று அவனுக்குத் தெரியணும். அப்புறம்தான் அவன் குரலே மாறியது. "குழம்புல உப்பு இல்ல அம்மிச்சி" என்று சொல்ல ஆரம்பித்தான், அதுவரைக்கும் போட்டதைத் தின்றுவிட்டுத் தலைகுனிந்து போய்விடுவான்.

இப்போது கட்டிங் மாஸ்டருக்கு உதவியாள், தனி ரூம் எடுத்துப் போய்விட்டான். குடி முழுக்க விட்டுவிட்டான் என்று பொய் சொல்லமாட்டேன். சனிக்கிழமை உண்டு. ஆனால் அவன் காசு, அவன் ரூம்.

செல்போன் கடை வேண்டவே வேண்டாங்க. நேரத்துக்கு எழுந்து ஷட்டரைத் தூக்கப் பழகாத பிள்ளைக்குக் கடை வைத்துக் கொடுத்தால், கடைசியில் உங்கள் வீட்டுக்காரர்தான் 73 வயதில் கல்லாவில் உட்காரணும்.

பத்திர_எழுத்தர் (கும்பகோணம்):

அம்மா, வீடு பற்றி மட்டும் சொல்கிறேன். தான செட்டில்மெண்ட் எழுதிப் பதிந்துவிட்டால் மறுநாளிலிருந்து வீடு அவனுடையது. நீங்களாக நினைத்து ரத்து செய்யமுடியாது. கடன் தொல்லையில் இருக்கும் பையன் கையில் பத்திரம் இருந்தால் அதை அடமானம் கேட்க ஆள் வரிசையில் நிற்பான். பொறுப்பு வரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வாடகை வீட்டில் இருக்கும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவனுக்குத்தான் வீடு என்பதில் சாருக்கு உறுதி என்றால் உயில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் காலம் வரை வீடு உங்களுடையது, மனசு மாறினால் உயிலையும் மாற்றலாம். மகளுக்கும் சேர்த்து எழுதுவதா என்று யோசித்துக்கொள்ளுங்கள். பின்னால் தாய்க்கும் பிள்ளைக்கும் வழக்கு வரக்கூடாது. இல்லை, செட்டில்மெண்ட்தான் என்று சார் பிடிவாதமாக இருந்தால், உங்கள் இருவர் ஆயுள்வரை அனுபவ உரிமை என்றும், உணவு, உறைவிடம், வைத்தியம் பார்க்கவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் எழுதித் தருகிறோம் என்றும் பத்திரத்திலேயே தெளிவாக வரவேண்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் 23ஆம் பிரிவு இருக்கிறது. நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியரிடம் மனுப் போட்டுப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனையே எழுதாத பத்திரத்தோடு போய் நின்றால் வாதாடுவது சிரமம்.

டெபாசிட்: வருட வட்டி 8.2 சதவீதம் என்றால், நாலு லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 8,200 ரூபாய் வரும். உங்கள் மருந்துச் செலவு அது. உடைக்காதீர்கள்.

கடன் ஆப்: நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாத கடனுக்கு நீங்கள் பொறுப்பில்லை. படத்தை மாற்றி ஊருக்கு அனுப்புவது குற்றம். வந்த மெசேஜையெல்லாம் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்றப் புகார் எண் 1930க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனம் கொடுத்த கடன் என்றால் அது வேறு. அதைக் கட்டத்தான் வேண்டும், அவன்தான் கட்டவேண்டும். மாதாமாதம் சிறுதொகையாகப் பிரித்துத் தரும்படி எழுதிக் கேட்டால் பல நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளும்.

ஒரகடம்_லைன்3:

அம்மாச்சி என்றே கூப்பிடுகிறேன். நான் உங்கள் பேரன் நிலைமையில் இருந்தவன். இப்போது 29 வயது. சிவகங்கைப் பக்கம் அப்பத்தா வளர்த்த பிள்ளை. இன்ஜினியரிங், அரியர், அறைக்குள் படுக்கை, எல்லாம் அதேதான். அந்தப் பக்கத்தில் இருந்து என்ன தெரியும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தாத்தா ஒரு லட்சத்து அறுபதாயிரத்தை அடைத்த அன்றைக்கு அவனுக்கு நிம்மதி வந்திருக்காது. "இதோடு சரியா?" என்று கேட்டபோது அந்த நாற்பதாயிரம் அப்போதே இருந்திருக்கும். சங்கிலி அடகுக்குப் போனதைக் கண்ணால் பார்த்த பிறகு இன்னும் நாற்பது இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வான்? அதனால் இனிமேல் கடனைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஒரு பழைய நோட்டைக் கொடுத்து, "எல்லாத்தையும் எழுது, நாங்க ஒண்ணையும் அடைக்கப் போறதில்ல, கணக்கு மட்டும் தெரியணும்" என்று சொல்லுங்கள். அடைக்கப் போவதில்லை என்று தெரிந்தால்தான் முழுசாக எழுதுவான்.

எங்கள் அப்பத்தா படிப்பைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. வீட்டில் இரண்டு கறவை இருந்தது. "எனக்கு முழங்கால் முடியல, பாலைக் கொண்டுபோய் சொசைட்டில ஊத்திட்டு வா" என்றது. காலை ஆறு மணிக்கு. போனால் பால்மானி வைத்துப் பார்ப்பார்கள், அளவை எழுதுவார்கள், வரவேண்டியதுதான். ஆனால் நாலு பேர் முகத்தைப் பார்த்தாகணும், ஒருத்தனும் "எப்ப வேலைக்குப் போற" என்று கேட்கமாட்டான். அவனவனுக்கு அவன் பால் கெட்டுப்போகும் அவசரம். இராத்திரி முழித்திருந்தால் காலையில் எழமுடியாது என்பதால்தான் எனக்குத் தூக்கமே திரும்பியது. மாத்திரையும் சாப்பிட்டேன், இல்லை என்று சொல்லவில்லை.

24 வயதில் அரசு ஐ.டி.ஐ. போய்ச் சேர்ந்தேன். ஏ.சி. மெக்கானிக் டிரேடு, இரண்டு வருடம். கூட உட்கார்ந்தவனெல்லாம் பத்தாவது முடித்து வந்த பொடியன்கள், என்னை "அண்ணே" என்பான்கள். முதல் மாதம் அவமானமாகத்தான் இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. ஆண்களுக்கு 40 வயது வரை சேரலாம், அதனால் உங்கள் பேரனுக்கு ஒன்றும் நேரம் போய்விடவில்லை. கல்விக்கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ். அந்த 750 ரூபாயில் அப்பத்தாவுக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்தேன், அது அன்று முழுக்க ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. அரியரை முடிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எத்தனை வருடத்துக்குள் எழுதலாம் என்று கல்லூரித் தேர்வுப் பிரிவில் கேட்டு வைத்துக்கொண்டு, கையில் ஒரு தொழில் வந்த பிறகு ஒன்றொன்றாக எழுதட்டும்.

தாத்தாவிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு சாயங்காலம் அவனைக் கூட்டிப்போய் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அரியர், கடன், அம்மா, எதிர்காலம் எதுவும் பேசவேண்டாம். கிரிக்கெட் பேசுங்கள், மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்று பேசுங்கள்.

மன்னை அம்மாச்சி (தை மாதம்):

நடுவில் வந்து எழுத முடியவில்லை, மன்னிக்கவும். கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன்.

டாக்டர் மனச்சோர்வு என்றுதான் சொன்னார். மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது, ஒரு ஆலோசகரும் பேசுகிறார். முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை, "தூக்கம்தான் வருது" என்று நிறுத்தப் பார்த்தான். நானாக நிறுத்தச் சொல்லவில்லை, டாக்டரிடமே கேள் என்றேன். அளவை மாற்றிக் கொடுத்தார்.

அப்புச்சி ஐயா சொன்னபடி நானும் வீட்டுக்காரரும் முதலில் பேசினோம். அது லேசில் முடியவில்லை. அவருக்குக் கடை ஆசை விடவேயில்லை. பத்திரக்காரர் எழுதிய 8,200 கணக்கைக் காட்டியதும்தான் வாயை மூடினார், கூட்டுறவுக்காரர் இல்லையா. உயில் எழுதிவிட்டோம், மகளுக்கும் பேரனுக்கும் சேர்த்து. அவனிடம் அதைப் பற்றிச் சொல்லவில்லை.

என்னிடம் படித்த ஒருவர் இங்கே மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். சொந்தக்காரர் இல்லை. "என் முகத்துக்காக ஒன்றும் செய்யாதேப்பா, வரவில்லையென்றால் நிறுத்திவிடு" என்று சொல்லித்தான் கேட்டேன். நாள் கூலி 350. லோ வோல்டேஜில் எரிந்துபோய் வரும் பம்ப்செட் மோட்டாரைப் பிரித்து, கருகின கம்பியை வெட்டி எடுத்து, அதே சுற்று எண்ணிப் புதுசு கட்டவேண்டும். முதலில் கருகினதை உருவி எடுக்கும் வேலைதான். கையெல்லாம் கீறல், நகத்தில் வார்னிஷ், என்ன சோப்பு போட்டாலும் அந்த வாசனை போகாது. ஒரு ராத்திரி சாப்பிடும்போது, "ஒரு ஸ்லாட்ல சுத்து குறைஞ்சா மோட்டார் சூடாயிடும் தாத்தா, அதான் எண்ணும்போது யாரும் பேசக்கூடாது" என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அவர் நாற்பது வருடமாகப் பம்ப்செட் வைத்திருந்தவர். தெரியாதவர் மாதிரி கேட்டுக்கொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு வாரம் பட்டறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஹரித்ராநதித் தெப்பக்குளக் கரையில் உட்கார்ந்திருக்கிறான்; பட்டறைக்காரர் கூலியைப் பிடித்தார், நாங்கள் தலையிடவில்லை. ஞாயிறு பன்னிரண்டு மணிவரை தூக்கம்தான். மகளுக்கு இன்னும் கோபம், இன்ஜினியரிங் படிக்க வைத்துக் காயில் கட்டவா என்கிறாள். அவள் பணம், அவள் கேட்கத்தான் செய்வாள்.

கடன் நோட்டு எழுதினான். நாற்பது இல்லை, ஐம்பத்தெட்டு. படம் அனுப்பியவர்கள் மேல் 1930இல் புகார் கொடுத்தான், அந்த மெசேஜ்கள் நின்றிருக்கின்றன. பதிவான நிறுவனம் ஒன்றுக்கு மாதம் இரண்டாயிரம் கட்டுகிறான். வீட்டுக்கு ஆயிரம் தருகிறான், நான் வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது என் கேள்வி ஒரகடம் தம்பிக்கு. பட்டறைக்காரர், "டீச்சர், ஐ.டி.ஐ. சர்டிபிகேட் இருந்தா லைசென்ஸ் வாங்கலாம், பெரிய வேலை எடுக்கலாம்" என்கிறார். எலக்ட்ரீஷியனா, வயர்மேனா? பேரன் முகத்தைப் பார்த்தால் விருப்பம் இருக்கிறது, கேட்கக் கூச்சப்படுகிறான்.

ஒரகடம்_லைன்3:

அம்மாச்சி, காயில் கட்டத் தெரிந்தவனுக்கு எலக்ட்ரீஷியன்தான். இரண்டு வருடம். ரீவைண்டிங்கும் அதில் பாடமாகவே வரும், இவன் அதில் வாத்தியாருக்கே கைகொடுப்பான். எலக்ட்ரீஷியனுக்கு எப்போதும் போட்டி அதிகம், கிடைக்காவிட்டால் வயர்மேனும் மோசமில்லை. மாலையிலும் ஞாயிறும் பட்டறைக்குப் போகலாமா என்று முதலாளியிடம் இப்போதே கேட்டு வைக்கட்டும், அந்தக் கடன் தவணை நிற்கக்கூடாது.

விண்ணப்பம் பத்தாவது ரிசல்ட் வரும் சமயத்தில் ஆன்லைனில் போடுவார்கள். பத்தாவது மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார், டி.சி. எல்லாம் வேண்டும். இன்ஜினியரிங் கல்லூரியில் ஒரிஜினல்கள் மாட்டிக்கொண்டிருக்க வாய்ப்பிருக்கிறது, பீஸ் பாக்கி இருந்தால் தர இழுத்தடிப்பார்கள். இந்த மாதமே போய்க் கேட்கச் சொல்லுங்கள். தாத்தா கூடப் போகவேண்டாம், அவனே போகட்டும்.